கிரேன் மூச்சை நிறுத்திய நாற்பது மில்லி செக்கன்

கணினிப் பெட்டி ஒன்றுக்குத் தேசிக்காய் கட்டியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு தேசிக்காய், அதன் மேலும் கீழும் பச்சை மிளகாய், கறுப்பு நூல். "மின் அபாயம்" என்று எழுதிய மஞ்சள் தகட்டுக்கு நேர் கீழே, கைபிடியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு முடிச்சுப் போட்டேன். இயங்குதளங்களின் தாமதத்தை மைக்ரோ செக்கனில் அளப்பது என் உத்தியோகம். அந்த உத்தியோகப் பைக்குள், அளவுக் கருவிகளுக்குப் பக்கத்தில், தேசிக்காயும் ஒன்றாகப் போனது. கட்டிய பிறகும், அந்தக் கணினி ஆட்டும் துறைமுகக் கிரேன் வேலை நடுவில் நின்றது. நாலாம் நாள் பார்த்தால் மிளகாயைக் காணவில்லை. யாரோ சம்பலுக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் இறங்குதுறையில் பேய்க்குப் பயந்தவன் நான் ஒருவன்தான் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்று மூன்று வருசமாகிறது. இப்போது என் கதிரையில் இருக்கும் பொறியியலாளப் பிள்ளை போன மாதம் தொலைபேசியில் பிடித்தார். வெளியே பூட்டும் அளவுக் கருவிகளின் பதிவும், இயங்குதளம் தனக்குள்ளே எழுதும் பதிவும் இப்போது ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானாகவே வந்து பொருந்துகின்றனவாம்.

"அந்த நேரம் நீங்கள் இதை எப்பிடி அங்கிள் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"பிழையாச் செய்தனாங்கள்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. "எழுதித் தாங்கோ, எல்லாருக்கும் வாசிக்கக் குடுப்பம்," என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று என் மனைவிக்குக்கூடக் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. ஒரு கணினியிடம், "செக்கனுக்கு ஆயிரம் தரம் எழும்பி ஒரு வேலையைப் பார்" என்று சொல்லி வைக்கிறோம். அது சொன்ன நேரத்துக்கு எழும்புகிறதா, எவ்வளவு பிந்துகிறது, பிந்தினால் யாரால் பிந்தியது என்று பார்ப்பதுதான் வேலை. இயங்குதளம் தன் உள்ளே யார் வந்தார், யார் போனார், யார் யாரைத் தள்ளினார் என்று வரிவரியாக எழுதிவைக்கும். அந்தப் பதிவுக்கு நாங்கள் ட்ரேஸ் என்போம். நான் காலையில் எழும்பும் தாமதத்தை என் மனைவி ஒரு கருவியும் இல்லாமல் அளந்து, காரணத்தையும் உடனே சொல்லிவிடுவாள்.

வானொலி திருத்தப் பழகி, பிறகு கொழும்பில் ஒன்பது மாதம் கணினி படித்து, பாதியை ரயிலிலேயே மறந்துவிட்டு ஊர் வந்தவன் நான். படித்ததைப் பற்றி இவ்வளவு போதும். திருகோணமலை உள்துறைமுகத்தில் தனியாருக்குச் சொந்தமான ஒரு இறங்குதுறை. கால்நடைத் தீனிக்கான சோளம் கப்பலில் வந்து இறங்கும். அங்கே கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அருந்ததி மிஸ். என்னைவிட ஒன்பது வயது இளையவர். குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கும் நேரம் கூடக்கூட எதிரில் நிற்பவன் சிறுத்துக்கொண்டே போவான்.

அவருடைய முறை ஒன்று இருந்தது. எந்தப் பழுதுக்கும் ஒரு தாள், தாளில் மூன்று நிரல். முதல் நிரலில் கண்ணால் கண்டது. இரண்டாவதில் மெசின் சொன்னது. மூன்றாவதில் நான் நினைப்பது. முதல் இரண்டும் பேனாவால், மூன்றாவது பென்சிலால். நினைப்பது அழிபடக் கூடியது என்பார். தாளில் எங்காவது நேரம் எழுதினால் பக்கத்தில் அது எந்த மணிக்கூட்டின் நேரம் என்று எழுத வேண்டும். ஒரு கணினிக்குள்ளேயே நாலைந்து மணிக்கூடுகள் ஓடுகின்றன. சுவரில் உள்ளதைப் பின்பற்றுவது ஒன்று, மின் கொடுத்த நொடியிலிருந்து எண்ணுவது ஒன்று, ஒவ்வொரு வெளிக்கருவிக்கும் சொந்தமாக ஒன்று. எழுதாமல் கொண்டுபோனால் தாளைத் திருப்பி நீட்டுவார். "எந்த மணிக்கூடு?" அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் "பன்னிரண்டரை ஆகுது மிஸ்" என்று சொல்லிவிட்டு, "என்ர மணிக்கூடு" என்று நானே சேர்த்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லது," என்றார்.

இனிக் கிரேனுக்கு வருவோம்.

கப்பலின் சரக்கறையை நாங்கள் ஹட்ச் என்போம். கிரேனின் நீண்ட கையில் தொங்கும் இரும்பு வாளி, கிராப், ஹட்சுக்குள் இறங்கிச் சோளத்தை வாரிக்கொண்டு கரைக்கு வரும். கிரேனின் கையை ஆட்டுவது ஒரு கணினி. அந்தக் கணினி பத்து மில்லி செக்கனுக்கு ஒருதரம் ஒரு காவல் பெட்டிக்கு "இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். இருபது மில்லி செக்கன் துடிப்பு வராவிட்டால் காவல் பெட்டி எதையும் கேட்காமல் மின்னை வெட்டிப் பிரேக்கைப் போடும். ஓட்டுநர் சிவப்புப் பொத்தானை அமர்த்தினாலும் அதுவேதான் நடக்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்கு. பெட்டியைச் செய்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்தச் சித்திரையில்தான் கிரேன் நிற்கத் தொடங்கியது. நான் முதன்முதல் பார்த்தபோது பிற்பகல் இரண்டு மணி. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் "டப்" என்று விழுந்த சத்தம் ஒன்று. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கீழே சிந்திய சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த புறாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் போயின. கிரேனின் கை அசையாமல் நின்றது. ஆனால் கயிற்றில் தொங்கிய கிராப் மட்டும், நாலு தொன் இரும்பு, ஓசையில்லாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் துறைமுகத்தில் கரையை ஒட்டியே தண்ணீர் ஆழம். அந்தக் கறுத்த தண்ணீருக்கு மேல் அதன் நிழல் போய்ப் போய் வந்தது. யாரோ அதைத் தொட்டிலைப்போல ஆட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது.

மீண்டும் மின்னைப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். கணினியைக் கேட்டால் அதுவும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. பிழைப் பதிவு வெறுமை.

ஒரு நாள் அப்படி நின்றபோது ஆடிய கிராப் ஹட்சின் ஓரக் கம்பியை வளைத்துவிட்டது. ஹட்ச் ஓரத்தில் நின்று ஓட்டுநருக்குக் கை காட்டுபவர் தண்ணீர் குடிக்க நகர்ந்து ஒரு நிமிசம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மெனேஜர் அசைந்தார். அவருக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும்.

"சலீம் பொத்தானை அமத்துறார். வேற என்ன?"

சலீம் நானா மூதூர்க்காரர். இருபது வருசமாகக் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பத்திரண்டு படி ஏணியில் ஒரு கையில் பால் விடாத பிளேன்ரீ போத்தலோடு ஏறுவார். லீவு விசயமாக அவருக்கும் மெனேஜருக்கும் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. வேண்டுமென்று நிறுத்தினார் என்று விசாரணையில் முடிவானால் கிரேன் உரிமம் போய்விடும். ஐம்பத்தைந்து வயதில் இனி எந்தத் துறையிலும் அவரை ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள்.

"தம்பி," என்றார் என்னிடம், "எனக்கு அமத்துற ஆசை வந்தா ஒங்கட மெனேஜர்ட வாயத்தான் முதல்ல அமத்துவன். இந்தப் பொத்தான் எனக்கு என்ன செஞ்ச?"

"அப்ப ஏன் நானா நிக்குது?"

"அது ஒருக்கா மூச்ச நிப்பாட்டுது. மெசினுக்கு உயிர் போய் வாற மாதிரி. கையில தெரியுது எனக்கு. சின்ன ஒரு வெறுமை, பொறகு டப்."

நான் தலையாட்டினேன். கணினிக்கு உயிர் போய் வருகிறது என்று ஒருவர் சொன்னால் படித்தவன் எப்படித் தலையாட்டுவானோ அப்படி.

அளக்கப் போனேன். இங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டிக்குள்தான் கணினி. கதவைத் திறந்து, மடிக்கணினியைப் பூட்டி, மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். தாமதம் எண்பது மைக்ரோ செக்கனைத் தாண்டவில்லை. தங்கமான மெசின். சாமானைச் சுற்றிக்கொண்டு கதவைப் பூட்டி இறங்கி நிலத்தில் கால் வைப்பேன். அரை மணியில் மேலே "டப்". ஏறிப்போய்த் திறந்தால் மறுபடியும் தங்கம். ஐந்து நாள் இதே கதை. நான் இருந்தால் அது வராது. அது என்னைப் பார்க்கிறது என்ற எண்ணம் ஒருதரம் வந்துவிட்டால் பிறகு போகாது. ஆறாம் நாள்தான் தேசிக்காய்.

"என்ன தம்பி இது?" என்றார் சலீம் நானா.

"அது... பூச்சி வராம இருக்க."

"ஓ. பெரிய பூச்சியாக்கும்."

தேசிக்காய் தோற்றபின் ஒரு நல்ல யோசனையும் ஒரு கெட்ட யோசனையும் சேர்ந்தே வந்தன. நல்லது: கதவைப் பூட்டிவிட்டு ட்ரேஸைத் தனியே ஓடவிடுவது. பழைய வரிகளை அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருக்கும், கிரேன் நின்ற கணத்தில் உறைந்து, அதற்கு முந்திய சில செக்கன்களை அப்படியே வைத்திருக்கும். கெட்டது: சலீம் நானாவின் கையையும் ஒரு அளவுக் கருவியாகச் சேர்ப்பது. கையில் தெரிகிறது என்கிறாரே. சின்னப் பதிவுப் பெட்டி ஒன்றில் கறுப்புப் பொத்தான் ஒன்றைப் பூட்டி, சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "அந்த வெறுமை தெரியிற உடன இதை அமத்துங்கோ நானா." பெட்டி தன் சொந்த மணிக்கூட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு இரண்டு மணிக்கூடுகளையும் ஒன்றாக்கிவிடுவேன். பின்னேரம் இரண்டு பதிவுகளையும் எடுத்து ஒரே தாளில் கோத்துவிடுவேன். வெளிக்கருவியை இயங்குதள ட்ரேஸோடு இணைத்த பெருமையில் அந்த இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் ஒன்பது தரம் நின்றது. ஒன்பது தரமும் அவர் அமர்த்தியிருந்தார். கோத்துப் பார்த்தேன்.

சலீம் நானா கிரேன் நிற்பதற்கு முன்பே அமர்த்தியிருந்தார். காலை பத்து மணிக்கு நின்றது ஒன்றில் மட்டும் இரண்டும் ஒரே நேரம். மற்றதெல்லாம் முன்பு. அரைச் செக்கன் முன்பு, ஒரு செக்கன் முன்பு, ஒன்றரைச் செக்கன் முன்பு. ஒன்றில் நாலு செக்கன் முன்பு. கிரேன் நிற்கப் போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றில் அவருக்குப் பேய் காதில் சொல்கிறது, அல்லது அவரே பேய்.

ட்ரேஸில் வேறொன்றும் இருந்தது. நிற்பதற்குச் சற்று முன் வரிகள் அறுந்திருந்தன. நாற்பது மில்லி செக்கனுக்கு ஒன்றுமே எழுதப்படவில்லை. அந்தக் கணினிக்கு நாலு கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யும் நாலு மூளை. நாலும் ஒரே கணத்தில் பேச்சை நிறுத்தியிருந்தன. நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்கும் அறையில் நாலு பேரும் ஒரே சொல்லின் நடுவில் நின்று, பிறகு அதே சொல்லிலிருந்து தொடர்ந்து, நின்றது ஒருவருக்குமே தெரியாமல் இருப்பது போல. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, "பதிவில் சில வரிகள் தவறிவிட்டன" என்று எழுதி ஒதுக்கினேன். எங்கள் தொழிலில் பயந்தவன் எழுதும் வசனம் அது.

அருந்ததி மிஸ் அந்தக் கிழமை கொழும்பில். மெனேஜர் படியில் என்னைப் பிடித்து, "அளந்தீங்களே, என்ன வந்தது?" என்றார். நான் தாளைக் கொடுத்தேன். மூன்று நிரல் இல்லாத தாள். நேரங்கள் மட்டும், மணிக்கூட்டின் பெயர் இல்லாமல்.

மத்தியானத்துக்குள் சலீம் நானாவை இறக்கிவிட்டார்கள். ஏணியால் அவர் இறங்கிவந்த மாதிரி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வழக்கமாகப் போத்தலைப் பிடிக்கும் கை சும்மா இருந்தது, போத்தலை மேலேயே விட்டுவிட்டார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"என்ட கையத்தானே தம்பி ஒங்களுக்குத் தந்தன்," என்றார். "அதுவா எனக்கு எதிராச் சாட்சி சொன்ன?"

விசாரணை வியாழக்கிழமை என்றார்கள். மிஸ் செவ்வாய் வந்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தரையில் இருந்த ஆணியின் அளவுக்கு வந்துவிட்டேன்.

"காலமை பத்து மணிக்கு இவர் சாதாரண மனிசன்," என்றார் கடைசியில். "மத்தியானம் அரைச் சாத்திரி. பின்னேரம் மூண்டரைக்கு முழுச் சாத்திரி. வெயில் ஏற ஏற மனிசனுக்கு ஞானமும் ஏறுதோ, குகதாசன்?"

தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"எந்த மணிக்கூடு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது முறைகளையும் நாளின் நேரப்படி அடுக்கிப் பார்த்தால், ஒன்றைத் தவிர, எட்டு மணியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அவருடைய முன்னறிவும் வளர்ந்திருந்தது. என் பதிவுப் பெட்டி மலிவான சாமான். அந்தச் சூட்டில் அதன் மணிக்கூடு மணிக்குக் கால் செக்கன் பிந்தி ஓடியிருக்கிறது. காலையில் ஒருதரம் ஒன்றாக்கிவிட்டு நாள் முழுக்க நம்பியிருந்தேன். திருத்திக் கணக்கிட்டால் எட்டு முறை, கிரேன் நின்று அரைச் செக்கன் கழித்துத்தான் கை பொத்தானுக்குப் போயிருக்கிறது. திடுக்கிட்ட எந்த மனிதனுக்கும் அவ்வளவு எடுக்கும். பேய்க்கு மணிக்கூடு பிந்தி ஓடியது. ஓடவிட்டவன் நான்.

"கணக்கை மெனேஜர் நம்பமாட்டார்," என்றார் மிஸ். "கண்ணுக்குக் காட்ட வேணும். சலீமைக் கூப்பிடுங்கோ."

புதன்கிழமை ஒரு மணிக்கு ஏறினோம். இந்தமுறை இணைப்பை மிஸ் சொன்னபடி செய்தேன். பொத்தானிலிருந்து ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்துப் பெட்டிக்கும் கொடுத்தோம், கணினிக்கும் கொடுத்தோம். ஒரே அமர்த்தலை இரண்டு மணிக்கூடும் பார்க்கும். அரை மணிக்கு ஒருதரம் நான் எட்டி ஒரு அமர்த்தல், அதை வைத்து இரண்டு பதிவையும் திரும்பத் திரும்ப ஒன்றாக்கலாம். கணினி காவல் பெட்டிக்கு அனுப்பும் துடிப்பையும் வெளியே எடுத்துப் பதிவுப் பெட்டிக்குக் கொடுத்தோம். கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை இனிக் கணினிக்கு வெளியே ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். இரும்புப் பெட்டியின் கதவைத் திறக்கப் போனேன்.

"நீங்கள் திறக்கிறதாலதான் அது வாறேல்லை," என்றார் மிஸ். "திறந்தா குளிருது. விடுங்கோ."

கிரேன் மின்னில் இருந்தது, அசையவில்லை. சலீம் நானா கதிரையில், இரண்டு கைகளும் முழங்காலில். மிஸ் பின்னால் நின்றார். நான் தரையில். மெனேஜருக்கு உயரம் ஒத்துவராது, கீழே குடைபிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். கண்ணாடி அறைக்குள் சூடு கொதித்தது. கண்ணாடிக்கு வெளியே துறைமுகம் முழுவதும் வெள்ளையாக, அசைவில்லாமல் கிடந்தது. கோணேசர் மலைப் பக்கமிருந்துகூட ஒரு சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. இல்லாத ஒருவருக்காக மூன்று பேர் வழிபார்த்திருப்பது எவ்வளவு விசித்திரமான காரியம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வராவிட்டால் நாளைக்கு இவருக்கு வேலை இல்லை. வந்தால்... வரட்டும் என்று பேயைக் கும்பிட்ட ஒரே பொறியியல் பிரிவு நாங்களாகத்தான் இருக்கும்.

சலீம் நானாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் விரல்கள் விரிந்து கிடந்தன. அசையவே இல்லை.

டப்.

அறை குலுங்கியது. சிவப்பு விளக்கு. கீழே புறாக்கள் எழும்பின.

"வந்திட்டு," என்றார் சலீம் நானா, கையை எடுக்காமலே.

மிஸ் குனிந்து கீழே பார்த்தார். மெனேஜரின் குடை சரிந்திருந்தது. "கண்டது எண்ட நிரலில எழுதுங்கோ," என்றார் என்னிடம். "ரெண்டு கையும் முழங்காலில."

பதிவுகளைக் கோத்தோம். கணினியின் துடிப்பு நாற்பது மில்லி செக்கன் நின்றிருந்தது. வெளிப்பெட்டி அந்த நேரம் முழுவதும் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது. ஆகவே ட்ரேஸில் வரிகள் தவறவில்லை. நாலு கோரும் உண்மையாகவே இல்லாமல் போயிருந்தன. சலீம் நானா சொன்ன வெறுமை அதுதான். அவருடைய கை சரி, என் தலையாட்டல் பிழை.

போனது எங்கே? இயங்குதளத்துக்கும் கீழே, தாய்ப்பலகையிலேயே பதிந்து வரும் ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. அது கூப்பிட்டால் நாலு கோரும் கேள்வியில்லாமல் எழும்பிப் போகும், திரும்பி வரும்போது போனது ஞாபகம் இருக்காது. இயங்குதளத்துக்கு அப்படி ஒருவர் வீட்டுக்குக் கீழே குடியிருப்பதே தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

அதைத் தட்டி எழுப்பியது யார்? மிஸ் பென்சிலால் ஒவ்வொரு வெறுமைக்கும் முந்திய கடைசி வரியைக் காட்டினார். ஒன்பதிலும் ஒரே பெயர். பெட்டி சூடாகிறதே என்ற நல்ல மனதோடு, சித்திரைத் தொடக்கத்தில் நான் எழுதிப்போட்ட சின்னப் புரோகிராம். நிமிசத்துக்கு ஒருதரம் அந்தக் கீழ்வீட்டுக்காரரிடம் "எவ்வளவு சூடு?" என்று கேட்பதுதான் அதன் வேலை. குளிராக இருந்தால் உடனே பதில் வரும். சூடு ஏறிய நேரத்தில் கேட்டால் அவர் எல்லாரையும் நிறுத்திவைத்துவிட்டு விசிறியைச் சரிசெய்து, பிறகுதான் பதில் சொல்வார்.

மூன்று கிழமை என்னையே துரத்தி, எனக்கே தேசிக்காய் கட்டியிருக்கிறேன்.

சலீம் நானாவிடம் நானே போய்ச் சொன்னேன். "நானா, பேய் நான்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப அந்தத் தேசிக்காய ஒங்கட கழுத்திலயில்ல கட்டியிரிக்க வேணும்."

விசாரணைக்கு முதல் ஒரு விசயம் மிச்சம் இருந்தது. ஒன்பதில் எட்டுத்தான் திருந்தியது. அந்த நாலு செக்கன், பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தது, எவ்வளவு திருத்தியும் இரண்டரைச் செக்கன் முன்பாகவே நின்றது. கிரேனை ஆட்ட ஓட்டுநர் தள்ளும் பிடியைப் பற்றிய பதிவும் கணினியில் இருந்தது; பிடியை விட்டால் கிரேனின் கை தானாக நிற்கும். வெறும் கிராப் கரையிலிருந்து ஹட்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கப்பலின் ஓரத்துக்கு வருமுன் சலீம் நானா பிடியை விட்டுவிட்டார். ஒரு காரணமும் இல்லை. சிவப்புக்குப் பக்கத்தில் இருந்த என் கறுப்புப் பொத்தானை அமர்த்தினார். இரண்டரைச் செக்கன் கழித்து அந்த நாற்பது மில்லி செக்கன் வந்தது.

"இதை விட்டிடுவம் மிஸ்," என்றேன். "மெனேஜர் இதில தொங்குவார்."

"எட்டை நம்பச் சொல்லிக் கேக்கிறம். ஒன்பதாவதை ஒளிச்சா எட்டை ஏன் நம்ப வேணும்? எழுதுங்கோ. மூண்டாம் நிரலில, விளங்கேல்லை எண்டு. பேனாவால."

மெனேஜர் தொங்கினார். விசாரணையில் அந்த வரியை வட்டமிட்டுக் கொண்டுவந்து, "இதுக்கு என்ன சொல்லுறீங்கள், சலீம்?" என்றார். அதே மேசையில் இன்னொரு விசயமும் பேசப்பட்டது. கிரேன் ஓடும்போது கை காட்டுபவருக்குத் தெரியாமல் யாரும் ஹட்சுக்குள் இறங்கினால் அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்துவது என்ற பழைய விதியை இனி இறுக்கமாகப் பார்ப்பது என்று. சலீம் நானா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெனேஜரைப் பார்த்து, "ஞாபகம் இல்ல, சேர்," என்றார்.

மெனேஜர் மறுபடி கேட்டார். மறுபடியும் ஞாபகம் இல்லை. இருபது வருசத்தில் எந்தக் கப்பலில் எந்த ஹட்சில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய மனிதர், இரண்டு கிழமைக்கு முன் நடந்ததை மறந்துவிட்டாராம். மிஸ்ஸின் தாளில் இருந்த இரண்டு கையும் முழங்காலும்தான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றின. உரிமம் தப்பியது. என் புரோகிராமை அழித்தேன், கிரேன் அதற்குப் பிறகு அப்படி நின்றதில்லை.

ஆனால் அந்த ஒன்பதாவது என்னை விடவில்லை. அந்த ட்ரேஸை எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருப்பேன். ஒருநாள் கணக்கும் போட்டேன். அவர் பிடியை விடாமல் இருந்திருந்தால், கிராப் போன வேகத்துக்கு, கிரேன் நின்ற கணத்தில் அது நேராக ஹட்சின் வாய்க்கு மேலே வந்திருக்கும். வந்து உள்ளே சரிந்து ஆடியிருக்கும். ஆடியிருந்தால் என்ன, அந்த நேரம் ஹட்ச் வெறுமை, உள்ளே சோளம் ஒதுக்குகிறவர்கள் எல்லாரும் தேநீருக்கு ஏறியிருந்தார்கள் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. ஆகவே ஒன்றும் இல்லை. ஆனாலும் வருவது முன்பே தெரிந்தது போல ஒரு கை விலகியிருக்கிறது, ஒரே ஒரு தரம். இதற்கு என்னிடம் எந்த மணிக்கூடும் இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன கிழமை மூதூருக்குப் போனேன். சலீம் நானாவும் இப்போது ஓய்வு. வயல் வரம்பில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தார். ட்ரேஸை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையால் தொடாமல், தலையால் "வச்சிரு" என்று காட்டினார்.

"எட்டுக்கும் என்னட்ட விடை இருக்கு நானா," என்றேன். "இந்த ஒண்டுக்கு மட்டும் இல்லை. ஏன் கையை எடுத்தனீங்கள்? நிக்கப் போறது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? பேய்தான் சொன்னது எண்டாலும் பரவாயில்லை, எழுதிப்போடுறன்."

அவர் பம்பின் மூடியை ஒருதரம் சுற்றி இறுக்கினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கீழ, ஹட்சுக்குள்ள, ஒரு ஆள் நிண்டான்."